இராமநாதபுரம் எங்கும் போய்விடாது

மீமிசல்
மார்கழி

அன்புள்ள தேன்மொழிக்கு,

அத்தை எழுதுகிறேன். நேற்று இரவு உன் அப்பா போன் போட்டு அரை மணி நேரம் புலம்பினான். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குத் தனியாகச் சைக்கிளில் போகிறாளாம், நீ சொன்னால் கேட்பாள் அக்கா, எப்படியாவது தடுத்துவிடு என்றான். தடுக்கச் சொல்ல ஆள் மாற்றிப் பிடித்திருக்கிறான் தம்பி. சைக்கிளால் பிழைத்தவள் நான்.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் சொல்கிறேன். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குச் சேர்த்தே கற்றுக்கொடுத்தார்கள். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிய துணை. கல்குவாரியில் வேலை செய்த பெண்கள், அங்கன்வாடி ஆசிரியைகள், என்னைப் போன்ற பள்ளி முடித்த பெண்கள் எல்லோரும் சாயங்காலமானால் பொட்டலில் விழுந்து எழுந்துகொண்டிருப்போம். லேடீஸ் சைக்கிள் போதாததால் ஆண்கள் ஓட்டுகிற பார் சைக்கிளையே எடுத்தோம். அப்புறம் அதுதான் வசதி என்று பலர் அதை விடவே இல்லை. பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாமே. பிறகு கிராம சுகாதார செவிலியர் வேலை கிடைத்து, தடுப்பூசிப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு இந்தக் கடற்கரை ஊர்களை ஓய்வுபெறும்வரை மிதித்தேன். கூட்டாளிப் பெண்களோடு கன்னியாகுமரிக்கும் ஒருமுறை போய்வந்திருக்கிறேன். அதனால் போகாதே என்று சொல்ல இந்த வாய்க்கு வராது.

உன் திட்டத்தையும் அப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். நன்றாகவே போட்டிருக்கிறாய். எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்றே ஒன்று. ஒரு நாளுக்கு நேரே ‘அதிராம்பட்டினம் – இராமநாதபுரம்’ என்று எழுதியிருக்கிறாய். ஏறக்குறைய 140 கிலோமீட்டர். என் வீட்டு வாசல் வழியாகப் போகிற நாள் அது என்பதால் அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

உன்னால் முடியாது என்று சொல்லமாட்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலை இங்கே தரைமட்டம். பாலத்தின் ஏற்றத்தைத் தவிர ஏற்றமே கிடையாது. தையில் வாடைக் காற்று முதுகில் இருக்கும். காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் இராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் நின்று படம் எடுத்துப் போடுவாய். என் கேள்வி அதற்கடுத்த நாளைப் பற்றியது. மறுநாள் காலை சீட்டில் உட்காரும்போது உனக்கு எப்படி இருக்கும்? சாயல்குடி தாண்டித் தூத்துக்குடி நோக்கிப் போகும் அந்த நீண்ட, நிழலற்ற சாலையில் யாருடைய கால்களை வைத்து மிதிப்பாய்? நெடும்பயணத்தில் ஒரு நாள் நல்ல நாளா என்பதை அன்று ஓடிய தூரத்தை வைத்துச் சொல்ல முடியாது. மறுநாள் காலையில்தான் தெரியும். மறுநாள் ஏறத் தெம்பு மிச்சம் இருக்கும்போதே இன்று இறங்கிவிட வேண்டும். மற்றதெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான் சொல்கிறேன்.

நீ பொங்கலுக்குப் பிறகு கிளம்புவது நல்ல முடிவு. தெரிந்து செய்தாயோ, லீவு கிடைத்ததால் செய்தாயோ! எங்கள் கடற்கரையில் வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது சோழகம், மேற்கிலிருந்து வருவது கச்சான். தையில் வாடை உன்னைத் தெற்கே தள்ளும். இதே பயணத்தைச் சித்திரைக்குப் பிறகு வைத்திருந்தால் சோழகம் முகத்தில் அடித்து, பாதித் தூரத்துக்கே முழு நாளும் போயிருக்கும். பின்காற்றில் ஓர் ஏமாற்று உண்டு, அதையும் தெரிந்துகொள். காற்று முதுகில் இருந்தால் வேகம் தன் வேகம் என்று தோன்றும், தண்ணீர் குடிக்க மறந்துபோகும். மதியத்துக்கு மேல் கடற்காற்று இடப்பக்கமாகத் திரும்பி அடிக்கும்போதுதான் உடம்பு எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று தெரியும்.

தையில் இங்கே ஆறரைக்கு மேல்தான் சூரியன் எழும். ஆறேகாலுக்கு வெளிச்சம் வந்துவிடும், அப்போது கிளம்பு. அதற்கு முன் வேண்டாம். விடியுமுன் மீன் வண்டிகள் பறக்கிற சாலை இது. மாலை ஆறேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும், அதனால் ஐந்தரைக்கு நீ ஓர் ஊருக்குள் இருக்க வேண்டும். நடுவில் பதினொன்றிலிருந்து மூன்று வரை நிழல். தை வெயில் என்ன செய்துவிடும் என்று கேட்பாய். கடலோர வெயில் காற்றின் குளிர்ச்சியில் உறைக்காது, இரவு படுக்கும்போது கழுத்திலும் புறங்கையிலும் எரியும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்.

அதிராம்பட்டினத்தில் கிளம்பும்போது வயிற்றை நிறைக்காதே. ஒரு வாழைப்பழம், ஒரு டீ போதும். மல்லிப்பட்டினம் வரை உடம்பு சூடேறட்டும். பக்கத்தில் மனோரா இருக்கிறது. ஐரோப்பாவில் நெப்போலியனை ஆங்கிலேயர்கள் தோற்கடித்ததைக் கொண்டாடத் தஞ்சாவூர் சரபோஜி மன்னர் நம் கடற்கரையில் கட்டிய எட்டடுக்குக் கோபுரம். யாருடைய சண்டைக்கு யார் கோபுரம் கட்டுவது என்று எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும். பார்க்க வேண்டுமென்றால் பார், காலை உணவை அந்தப் பக்கம் முடித்துக்கொள். அதற்குப் பிறகு சேதுபாவாசத்திரம் வரை தென்னந்தோப்புகள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்பு தோப்பாகச் சாய்த்துப் போட்டுவிட்டது. சாலையோரம் உயரம் குறைந்த, ஒரே வயதுத் தென்னைகளாக நிற்கும் இடங்களைப் பார்த்தால் அது புயலுக்குப் பின் நட்ட தோப்பு என்று தெரிந்துகொள். ஒரு தென்னை காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடம் ஆகும்; அதுவரை அந்தக் குடும்பங்கள் எதைத் தின்றன என்று இளநீர் வெட்டுகிறவரிடம் பேச்சுக் கொடுத்தால் சொல்வார். இளநீரைப் பேரம் பேசாமல் குடி.

அறுவடைக் காலம் என்பதால் வழியில் சாலை மேலேயே நெல் காயும், வைக்கோல் பரப்பியிருப்பார்கள். விவசாயிகள் மேல் கோபப்படாதே, களம் இல்லாதவர்கள் வேறு எங்கே போவார்கள்? ஆனால் நெல்லின் மேல் பிரேக் பிடிக்காதே, சக்கரம் வழுக்கிவிடும். என் காலத்துச் சைக்கிளுக்கு வைக்கோல் ஒரு பொருட்டே இல்லை. உன் கியர் சைக்கிளுக்கு அப்படி இல்லை. பின்சக்கரப் பல்லிலும் செயினிலும் வைக்கோல் சுற்றிக்கொண்டால் கியர் மாறாது, அழுத்தி மிதித்தால் ஏதாவது முறியும். சத்தம் மாறினால் இறங்கிப் பார். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் வந்தால் இன்னொரு தொல்லை. மீன் லாரியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகி வளைவுகளில் வழுக்கும். அதில் உப்பும் மீன் கொழுப்பும் கலந்திருக்கும். லாரிக்குப் பின்னாலேயே ஒட்டிப் போகாதே. இரவில் செயினை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, இரண்டு சொட்டு எண்ணெய் விடு. கடற்கரையில் ஒரே இரவில் செயின் துருப்பிடித்து நிற்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது செவிலியராகப் பேசுகிறேன். இதை உன் அப்பா உன்னிடம் பேசமாட்டான், கூடச் சைக்கிள் ஓட்டுகிற பையன்களுக்குத் தோன்றவே தோன்றாது. சாலையில் போகிற பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. தாகம் இல்லாமல் அல்ல, எங்கே போய் ஒதுங்குவது என்ற பயம். வேலைக்குப் போகிற பெண்களிடமும் பஸ்ஸில் தொலைதூரம் போகிற பெண்களிடமும் இதை வாழ்நாள் முழுக்கப் பார்த்தேன். அதனால் சிறுநீர்த் தொற்று வந்து, சொல்லவும் கூச்சப்பட்டு, காய்ச்சல் ஏறிய பிறகு வருவார்கள். நீ சைக்கிளில் நாள் முழுக்க வியர்த்துக்கொண்டு இதைச் செய்தால் இரண்டாம் நாளே படுத்துவிடுவாய். ஒதுங்க இடம் உண்டு. பெட்ரோல் பங்கில் கழிவறை இருக்கும், சாவி கேள். அரசு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும். உள்ளே போய், பயணம் போகிறேன் என்று சொல், எந்த நர்ஸும் உன்னை விரட்டமாட்டாள். இரண்டும் இல்லாத ஊரில் வாசலில் பெண்கள் உட்கார்ந்திருக்கும் வீட்டில் கேள். பாத்ரூம் போகணும்க்கா என்று ஒரு பெண் கேட்டால் இந்தக் கடற்கரையில் இந்து வீடு, முஸ்லிம் வீடு, கிறிஸ்தவ வீடு எதிலும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். கேட்கக் கூச்சப்படாதே. கூச்சப்பட்டால் சிறுநீரகத்துக்குத்தான் கேடு.

வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருப்பதும் தவறு. வியர்வையில் உப்பும் போகிறது. தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் தலைவலியும் குமட்டலும் வரும். ஓஆர்எஸ் பாக்கெட் நான்கைந்து வைத்துக்கொள். தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தட்டை டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, அவ்வளவுதான். கரைசல் கண்ணீரை விட உப்பாக இருந்தால் கொட்டிவிட்டுத் திரும்பக் கலக்கு. தண்ணீர் குப்பிகளை மீமிசலில் நிரப்பிக்கொண்டு போ. அதற்குத் தெற்கே பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. தீட்டு நாள் வந்துவிட்டால் பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை. முதல் நாள் பாதித் தூரம் போ, போதும். அந்தக் கணக்கையும் உன் திட்டத்தில் சேர்த்துக்கொள். உன் தாளில் அது இல்லை.

சாப்பாட்டில் ஒரே விதி, பசிக்கும் முன் சாப்பிடு. பசி வந்த பிறகு சாப்பிட்டால் அது உடம்பில் சேர்ந்து காலுக்கு வருவதற்குள் நீ ஓரமாக உட்கார்ந்திருப்பாய். கடலை மிட்டாய் சட்டைப் பையில் இருக்கட்டும். தையில் பனங்கிழங்கு வரும், கட்டுக் கட்டாக விற்பார்கள். அவித்ததை வாங்கி வைத்துக்கொண்டால் பாதி நாளுக்குத் தாங்கும். மதியம் பிரியாணி வாசனை உன்னை இழுக்கும், நம் கடற்கரை பிரியாணிக்கு நான் விரோதி இல்லை. ஆனால் அதை இரவுக்கு வைத்துக்கொள்.

சீட்டின் உயரத்தைக் கிளம்பும் முன்பே சரிசெய்திருப்பாய். கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அதுதான் அளவு. முழங்கால் வலித்தால் கியரைக் குறைத்து லேசாக மிதி. சுண்டுவிரல் மரத்துப்போனால் ஹேண்டில்பாரில் கையின் இடத்தை மாற்று. இது போதும், மற்றதை நீ யூடியூபில் பார்த்திருப்பாய்.

யூடியூபில் பார்த்திருக்கமாட்டாய் என்று நினைக்கிற ஒன்று, சீமைக் கருவேல முள். மீமிசல் தாண்டினால் இருபக்கமும் அதுதான். நிழலாகத் தெரிகிறதே என்று சைக்கிளைத் தார்ச்சாலையிலிருந்து இறக்கி மரத்தடிக்கு உருட்டிக்கொண்டு போனால் இரண்டு டயரும் போய்விடும். நிற்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போ, அல்லது கடை வாசலில் நில். ஆட்டுக்காரர்கள் கிளை ஒடித்துப் போட்ட இடத்தைச் சாலை மேலேயே பார்க்கலாம், தூரத்திலேயே ஒதுங்கிக்கொள். பஞ்சரானால் டியூபை மாற்றும் முன் டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்றுத் தடவிப் பார். முள்ளின் முனை உடைந்து டயருக்குள்ளேயே இருக்கும், புது டியூபையும் அது பத்து நிமிடத்தில் குத்திவிடும். வெறும் விரலால் தடவாதே.

இந்த ஊர்களில் பஞ்சர் கடை உண்டு. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் தருகிறவரை அந்தக் கடைகளும் இருக்கும். ஆனால் அங்கே இருப்பது அந்தச் சைக்கிள்களுக்கும் பழைய பார் சைக்கிளுக்கும் ஆன டியூப். உன் சைக்கிளின் டியூப் இராமநாதபுரம் வரை எங்குமே கிடைக்காது என்று வைத்துக்கொள். வால்வும் வேறு, உன் ரிம்மின் ஓட்டை சிறியதாக இருந்தால் நம் ஊர் வால்வு உள்ளே நுழையாது. உன்னுடைய அளவில் இரண்டு டியூப், சொல்யூஷன், ஒட்டுத் துண்டு, கைப்பம்பு இவை எப்போதும் பையின் மேல்தட்டில் இருக்க வேண்டும். கிளம்பும் முன் வீட்டு மாடியில் நீயே டியூபைக் கழற்றி மாட்டிப் பழகு. பின்சக்கரத்தையும். ஒரு பெண் நடுரோட்டில் சக்கரத்தைக் கழற்றினால் உடனே நான்கு பேர் உதவிக்கு வருவார்கள். மூன்று பேர் நல்லவர்கள்தான். ஆனால் வேலை தெரிந்தவள் கையில் ஸ்பேனர் இருக்கும்போது நான்காவது ஆளும் ஒழுங்காக நிற்பான்.

டீக்கடையில் கேள்வி கேட்பார்கள். எங்கிருந்து, எங்கே, தனியாகவா, கல்யாணம் ஆகிவிட்டதா, வீட்டில் எப்படி விட்டார்கள். எரிச்சல் படாதே, அவர்களுக்கு அன்றைய செய்தி நீதான். முதல் இரண்டுக்கு உண்மையைச் சொல். தனியாகவா என்றால், அத்தை மீமிசலில் காத்திருக்கிறார்கள் என்று சொல், அதுவும் உண்மைதானே. இரவு எங்கே தங்குகிறாய் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லாதே, அன்றைய படத்தை அன்றே இணையத்தில் போடாதே. நீயும் ஒன்று கவனி. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் மீனவக் குடும்பங்களிடம் விசாரிக்கும்போது பார்த்துப் பேசு. எல்லை தாண்டினார்கள் என்று இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன அப்பனோ பிள்ளையோ இல்லாத தெரு இங்கே குறைவு. படகு எங்கே என்று சும்மா கேட்டாலும் அந்த வீட்டில் வேறு மாதிரி விழும். அவர்களாகச் சொன்னால் உட்கார்ந்து கேள்.

பதினொன்றுக்கு முன்பே மீமிசல் வந்துவிடுவாய். அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஓடியிருக்கும், நாளின் பெரிய பாதி முடிந்தது. இங்கே குளி, சாப்பிடு, ஒரு மணி நேரம் படு. மூன்று மணிக்கு எழுந்து உன் உடம்பைக் கேள். சாப்பாடு ருசித்ததா, சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிறதா, மாடிப்படி ஏறும்போது தொடை நடுங்காமல் இருக்கிறதா? மூன்றும் சரி என்றால் தொண்டி வரை போ. முப்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கும், ஐந்தரைக்குச் சேர்ந்துவிடலாம். அங்கே தங்கு, இராமநாதபுரம் மறுநாள். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் இங்கேயே தங்கிவிடு. வெட்கப்பட எதுவும் இல்லை. அறுபதில் நிறுத்தினாயா என்று கேட்கிற உன் ஆபீஸ் சிநேகிதர்களுக்காக மிதிக்க நீ கிளம்பவில்லை. இராமநாதபுரம் எங்கும் போய்விடாது.

தொண்டியில் அறை எடுத்தால் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டுப் பணம் கொடு. சைக்கிளை அறைக்குள்ளேயே வைக்கக் கேள். மாட்டேன் என்றால் வேறு அறை பார். படுக்கும் முன் டயரில் முள் தேடு, செயினைத் துடை, குப்பிகளை நிரப்பு, மறுநாள் துணியை எடுத்து வை. அரை மணி நேர வேலை. அலுப்பில் இதை விட்டுவிட்டால் காலையில் அதே அரை மணி நேரம் வெயிலாகத் திரும்பி வரும்.

அப்பாவுக்குத் தினமும் இரவு ஏழு மணிக்குப் பேசு. நீ பேசும்வரை அவன் சாப்பிடமாட்டான், எனக்குத் தெரியும். அவன் பயத்தைக் கேலி செய்யாதே. நான் முதன்முதலாகச் சைக்கிளில் தெருவில் போனபோது என் பின்னாலேயே ஓடிவந்தவன் அவன்தான். அப்போது அரைக்கால் சட்டை போட்ட பையன்.

ஒரு வேண்டுகோள். எங்கள் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போய் மறுநாள் கரை திரும்பும். அதனால் செவ்வாய், வியாழன், ஞாயிறு இந்த மூன்றில் ஒன்றில் மீமிசல் வருகிற மாதிரி சென்னையில் கிளம்பு. கிளம்பும் நாளை முடிவு செய்ததும் போன் பண்ணு, ஜெகதாப்பட்டினத்தில் நண்டுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

அன்புடன்,
அத்தை